பைக்குப் போகாத ரத்தம்

அன்பு மகன் திவாகரனுக்கு, உன்னை வளர்த்த சித்தப்பா நல்லசாமி எழுதுவது. எல்லாரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை, நீயாவது ஆஸ்திரேலியாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முன்னாடியே சொன்னேன், நம் தோட்டத்திலிருந்து சுங்கை ஆயர் தாவார் டவுன் வரைக்கும் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். போனில் பேசினால் குமுதா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

உன் பெண்டாட்டி குமுதாவுக்கு மாதம் நிறையும் முன்பே வலி எடுத்ததும் நான்தான் வேனை ஓட்டினேன், போலீஸ்காரனே வழிவிட்டுச் சல்யூட் அடித்தான். ஆஸ்பத்திரியில் தொப்புள்கொடி ரத்தம் பிடிக்கிற பையையும், கொடியை இரண்டு பக்கமும் கவ்வி நடுவில் அறுக்கிற நீலக் கிளிப்பையும் தயாராக வைத்திருந்தார்கள். பையைத் தாழ்த்திப் பிடித்தால்தான் ரத்தம் இறங்கும் என்று தாதிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், ரப்பர் பால் மரத்தில் கோப்பை கட்டியவனுக்குத் தெரியாதா. உன் மூத்தவன் பவனேஷின் ரத்தப் புற்றுக்குப் பிறக்கப்போகிற தங்கச்சியின் கொடி ரத்தம் மருந்தாகும் என்று நாம் எல்லாரும் அந்தப் பையைத்தானே நம்பியிருந்தோம். ஆனால் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே சோர்ந்துவிட்டது. கொடியை உடனே அறுத்தால் பைக்கு நிறையக் கிடைக்கும், கொஞ்சம் பொறுத்து அறுத்தால் பிள்ளைக்குப் போகும் என்று டாக்டரம்மா விளக்கிச் சொல்ல, ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போடும் முன் குமுதா, "புள்ளைக்கே விடுங்க டாக்டர், மிச்சம் இருந்தா பவனேஷுக்குப் பிடிங்க" என்றாளாம். பையில் அடி நனையத்தான் இருந்தது, அது போதாது என்றுவிட்டார்கள். பிள்ளை வந்ததும் அழுதது, கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது, நடைவழியே அதிர்ந்தது. அப்புறம் அடங்கிவிட்டது.

நம் தோட்டத்து இடுகாட்டில்தான் புதைத்தோம். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிய பிள்ளை. கிளிப்பைக் கழற்ற மனம் வராமல் அதோடேயே வைத்தோம். கொடி காய்ந்து விழுந்ததும் அதை உள்ளே போட்டுப் பிள்ளைக்குக் கட்ட நான் வெள்ளித் தாயத்து வாங்கி வைத்திருந்தேன் அல்லவா, அதைச் சொல்லியே உன் மாமியார் அன்னம்மா என்னை வைகிறாள். "பொறக்காத புள்ளைக்கு யாரு தாயத்து வாங்குவா லா" என்கிறாள். வையட்டும், யாரையாவது வைதால்தான் அவளுக்கும் ஆறும்.

நேற்று நீ போனில், "பையில பிடிச்சிருந்தா ஒருத்தனாவது பொழைப்பான்ல" என்றாய். ஸ்பீக்கரில் இருந்தது, உனக்குத் தெரியாது. அதிலிருந்து குமுதா சாப்பிடவில்லை, பவனேஷ் பக்கத்தில் உட்காரவே பயப்படுகிறாள். அவனுக்கு வேறு ஆள் எலும்பு மஜ்ஜை கொடுத்தால் பொருந்துமா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள், வழி அடைந்துவிடவில்லை. நீ லீவு கிடைத்து வரும்போது சாமான் வாங்கப் பொழுதைப் போக்காதே, வந்ததும் முதலில் அவள் கிட்ட போய் உட்கார். மாரியம்மா உங்கள் மூன்று பேரையும் ஒன்றாக வைத்திருக்கட்டும்.

பிள்ளை அழுதது என்று எழுதினேனே, அது மட்டும் நானாகச் சொன்னது. கதவு மூடியிருந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது அது ஒன்றைத்தான், "புள்ள அழுதுச்சா மாமா?" ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது என்றேன். உன்னிடமும் கேட்பாள். சித்தப்பா காதால் கேட்டார் என்று சொல்.

உன் சித்தப்பா,
நல்லசாமி