முதல் அம்பு என்னுடையது

மேல் ஏரி,
மூன்றாம் மாதம், வளர்பிறை

அன்புள்ள தொப்கே அண்ணனுக்கு,

யாக் மேய்ப்பவர்கள் கோட்டைக்கு இறங்குகிறார்கள், அதனால் அவசரமாக எழுதுகிறேன். அப்பாவுக்கு இருமல் தேவலை. டிராகன் வேட்டைப் படையில் சேர்ந்த பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தக் கோபம் இருக்கட்டும்.

என் முழங்கைக்கு மேல் செதில் முளைத்திருக்கிறது. சொறி என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்று கொதிக்கிற வெண்ணெய்த் தேநீர் கையில் கொட்டியது, சுடவேயில்லை. பேமா அத்தை பார்த்துவிட்டாள். "ஏண்டி, கத்தக்கூட இல்லையே நீ? கையைக் காட்டு" என்றாள். ஓடிவந்துவிட்டேன்.

அம்மா ஏரியில் மூழ்கிச் செத்தாள் என்றுதானே அப்பா நம்மிடம் சொன்னார்? திரும்பக் கேட்டேன். "அவ சாகலடி. வந்த இடத்துக்கே போயிட்டா" என்று சொல்லி, வெற்றிலையை மென்றபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில நாள் காலையில் எழுந்தால் தலைமுடி ஈரமாக இருக்கிறது. எங்கே போனேன் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அண்ணா.

உன் தங்கை,
யாங்கி


கோட்டை,
மூன்றாம் மாதம், பௌர்ணமி கழிந்து

யாங்கிக் கண்ணு,

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. வெயில் வந்தாலும் நீளக்கைச் சட்டையைக் கழற்றாதே. ஏரிப் பக்கமே போகாதே.

இங்கே வைக்கோல் டிராகனை நிறுத்தி, கழுத்துக்குக் கீழே எங்கே அம்பு பட்டால் விழும் என்று காட்டுகிறார்கள். நான்தான் தவறாமல் அடிக்கிறேன். படைத்தலைவர் முதுகில் தட்டி, "உன் கண்ணு மனுஷக் கண்ணே இல்லடா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு தனியாகப் போய் உடம்பு முழுவதும் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. இன்னும் இல்லை.

அண்ணன்,
தொப்கே


மேல் ஏரி,
ஐந்தாம் மாதம்

அண்ணா,

எல்லாம் வெளியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் தேக்கி ஏரியில் விழுந்துவிட்டாள். யோசிக்காமல் குதித்தேன். குதித்தது நான்தான், கரையேறியது நானில்லை. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. இருட்டிய பிறகுதான் எனக்குக் கை கால் திரும்பின. தேக்கி மட்டும் பயப்படவில்லை. "யாங்கி அக்கா என்னை வாயில கவ்விக்கிட்டு வந்தா!" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

பேமா அத்தை நம் வாசலில் நின்று கத்தினாள்: "புள்ளைய காப்பாத்துனா, சரி. நாளைக்கு அவளுக்குப் பசிச்சா யாரு வீட்டுப் புள்ள?" கோட்டைக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அத்தையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தேக்கியைக் கவ்வியிருந்தபோது அவள் நெஞ்சு என் நாக்கின் மேல் படபடவென்று அடித்தது. எனக்குப் பசித்தது, அண்ணா. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

யாங்கி


கோட்டை,
ஐந்தாம் மாதக் கடைசி

யாங்கி,

ஆறு பேர் கிளம்புகிறோம். நானே கேட்டுச் சேர்ந்துகொண்டேன். இதைக் கொண்டுவரும் வணிகர் எங்களுக்கு முன்னால் வந்துவிடுவார். படித்ததும் கிளம்பிவிடு, முடியாமல் போனால் இதை நினைவில் வை.

முதல் அம்பு என்னுடையது. அது போய் விழும்வரை மற்றவர்கள் நாணை இழுக்க மாட்டார்கள், படையின் வழக்கம். நான் குறி தவறுவேன். அந்த இடைவெளியில் நீ வடக்குக் கணவாய் வழியாகத் தப்பிவிட வேண்டும். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாதே, அழுவார்.

மாறிய பிறகு என்னை உனக்கு அடையாளம் தெரியுமா? பதிலுக்கு நேரமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தொப்கே


நம் வீடு,
ஆறாம் மாதம்

யாங்கிக் கண்ணு,

இடது கையால் எழுதுகிறேன், கோணல்மாணலாகத்தான் இருக்கும். கணவாய்க்கு அப்பால் உப்பு வாங்கப் போகிறவர், உன்னைப் பார்த்த பாறையடியில் இதை வைப்பதாகச் சொன்னார்.

என் அம்பு தண்ணீரில் விழுந்தது. நீ ஏன் உடனே போகவில்லை? நேராக என்மேல் பாய்ந்தாயே. பெயர் சொல்லிக் கூப்பிட்டேனே, கேட்கவில்லையா? என் வலது கையை எலும்புவரை கடித்தாய். பிறகு விட்டுவிட்டுப் பறந்தாய். விட்டதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். படைத்தலைவர், "கடிச்சது ஒன்னு, விட்டது வேற ஒன்னா? ரெண்டும் ஒரே வாய்தான்டா" என்கிறார்.

வில் பிடிக்க முடியாதவன் என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை ஆறியதும் உன்னைத் தேடி வருவேன். விட்டது நீதான். எனக்குத் தெரியும்.

உன் அண்ணன்,
தொப்கே


அண்ணா,

உன் கடிதத்தின் பின்பக்கத்தில் கரித்துண்டால் எழுதி, அதே பாறையடியில் வைக்கிறேன். இன்று எனக்கு விரல்கள் இருக்கின்றன. நாளை எப்படியோ.

நீ கூப்பிட்டது கேட்டது. கடித்ததும் நான்தான், விட்டதும் நான்தான். உன் படைத்தலைவர் சொன்னது சரி.

அப்பாவுக்கு வேளைக்குச் சோறு கொடு. இங்கே வராதே. இனிக் கடிதமும் அனுப்பாதே. இந்தக் காகிதத்தில் உன் கை வாசனை இருக்கிறது. முகர்ந்ததும் முதலில் அழுகை வந்தது. பிறகு பசி வந்தது.

யாங்கி