த்வாண்டே ஜாடியில் நெஞ்சுக்கறி

இன்று காலை இந்த வருஷத்தின் முதல் மழை இறங்கியது. இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மூலையில் கிடந்த உன் ஜாடி மணக்க ஆரம்பித்துவிட்டது. வெயில் காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு கிடக்கும். காற்றில் ஈரம் ஏறினால் போதும், புளியங்கட்டைப் புகையும் மாட்டுக் கொழுப்பும் கலந்த அந்த வாசனையை விட்டுவிடும். "இதத் தூக்கிக் கால்வாயில போட்டாத்தான் என்ன?" என்றாள் என் மனைவி. ஒவ்வொரு மழைக்கும் கேட்கிறாள். நான் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செத்தவனுக்கு எழுதினால் தபால்தலைச் செலவு இல்லை, அந்த ஒரு லாபம் இருக்கிறது.

நீ எஞ்சினுக்குத் தீ போடுகிறவன். நான் அதே எஞ்சின் ஷெட்டில் பிட்டர். ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில்வே லைன் வீட்டில் இருவருக்கும் ஒரே அறை. ஒரே கப்பலில் வந்த சிநேகிதம் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். கப்பலில் நீ என்னிடம் பேசியது, "தள்ளுடா, வாந்தி வருது" என்பது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் லைனில் மற்றவர்கள் சீட்டுக்கும் கள்ளுக்கும் போவார்கள். நாம் சுட்ட கறி தேடிப் போவோம். அதிலும் உனக்கு மாட்டின் நெஞ்சுக்கறிதான் வேண்டும். தொடைக்கறியை எந்த மடையனும் சுடுவான், நெஞ்சுக்கறியை மெத்தென்று ஆக்குகிறவன்தான் ஆள் என்பாய். ரங்கூனில் அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாய். எனக்குக் கறி கறிதான். உன்கூட நடப்பதற்காக வந்தேன்.

பசுந்தாங் கால்வாயோரம் சீனர் கடை உனக்கு நினைவிருக்கும். சிவப்பாக, பளபளவென்று கொக்கியில் தொங்கவிட்டிருப்பார். வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்தாய். "கறி கேட்டா மிட்டாய் குடுக்குறாரு." மார்க்கெட்டுப் பக்கம் நம் ஊர் பாய்மார் கம்பியில் குத்திச் சுட்டு விற்றார்களே, அங்கே மசாலா உனக்குப் பிடித்தது, பக்குவம் பிடிக்கவில்லை. "தீயக் காட்டிப் பயமுறுத்தியிருக்காங்க, வேக வைக்கல." ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷான் மலைக்காரர் அடுப்புக்கு மேலே பரண் கட்டி வாரக்கணக்கில் புகை போட்டு வைத்திருந்தார். அதை வெகுநேரம் மென்றாய். முகர்ந்து பார்த்தாய். கண்ணை மூடிக்கொண்டு, "புகை வந்திருக்கு, கறி வரல" என்று தீர்ப்புச் சொன்னாய். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாதது நம் அதிர்ஷ்டம்.

உனக்கு மூக்கு அப்படி. ஷெட்டில் நின்றுகொண்டே எந்த எஞ்சினில் கரி, எந்த எஞ்சினில் கட்டை, கட்டை பச்சையா காய்ந்ததா என்று புகையை வைத்தே சொல்லிவிடுவாய்.

இந்தக் கறி நமக்கு வெறும் கறி இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் வாசனை அடுத்த தெருவுக்குப் போய்விடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு தின்று வளர்ந்தோம். வெளியே தெரிந்தால் என்ன பேச்சு வரும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். அதனால்தான் ரங்கூனில் ஒரு கடை போட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். மேசை, நாற்காலி, தெருவைப் பார்த்த ஜன்னல், உட்கார்ந்து நிதானமாக நெஞ்சுக்கறி தின்கிற நம் ஆட்கள். "கப்பலேறி வந்ததே எதுக்குடா? கதவத் தெறந்து வச்சுச் சோறு திங்கத்தான்" என்பாய். எத்தனை தடவை கேட்டிருப்பேன் அதை. சலித்துப்போய், "கதவ அப்புறம் தெறக்கலாம், மொதல்ல சம்பளம் வரட்டும்" என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

அடுத்தவன் கடையெல்லாம் ஆகாது என்று முடிவானதும் நீயே இறங்கினாய். பானை வனையும் த்வாண்டேயிலிருந்து படகில் வந்த பெரிய ஜாடி ஒன்றை வாங்கி, அடியைப் பதமாகத் தட்டி எடுத்தாய். லைனுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் குழி தோண்டி, அதில் புளியங்கட்டை நெருப்பு, மேலே ஜாடி, ஜாடிக்குள் குறுக்குக் கம்பி, கம்பியில் கறி, வாயில் நனைந்த சாக்கு. காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் எடுப்பாய். முதலில் கருக்கினாய். பிறகு வேகாமல் எடுத்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு விரலால் பிய்த்தபோது கறி பஞ்சாகப் பிரிந்து வந்தது. என் வாயில் ஒரு துண்டைத் திணித்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாய். அன்றைக்குத்தான் ஒரு கறிக்கும் இன்னொரு கறிக்கும் உள்ள வித்தியாசம் எனக்கும் தெரிந்தது.

வாசனை லைன் முழுக்கப் பரவியது. பாதிப்பேர் கேட்டு வாங்கித் தின்றார்கள். மீதிப்பேர் தின்னாதவர்கள் மாதிரி இருந்துகொண்டு வாங்கித் தின்றார்கள். நம் லைன் மேஸ்திரி இரண்டாவது வகை. இருட்டுகிற நேரத்தில் தூக்குச்சட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு வருவார்.

பசுந்தாங்கில் விறகுத்தொட்டி வைத்திருந்த பாய், உனக்குப் புளியங்கட்டை கொடுத்தவர், தொட்டியின் முகப்பைக் கடைக்கு விடுகிறேன் என்றார். "ஆனா மொதல்ல சாப்ட்டுப் பாக்கணும் தம்பி. நல்லாயில்லேன்னா என் வாசல்ல வேணாம்." அவர்கள் முறைப்படி அறுத்த கறியை அவர் சொன்ன ஆளிடமே வாங்கினாய். ஒரு ஞாயிறு சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு மழை. எனக்கு ஷெட்டில் முறை இருந்தது. கிளம்பும்போது மேஸ்திரி குடையோடு கொட்டகை வாசலில் நின்றார். "இன்னைக்கு எம் மவளப் பாக்க வர்றாங்கப்பா. அவுங்க வேற மாதிரி ஆளுங்க. அந்த வாடை மட்டும் வெளிய வராமப் பாத்துக்க. ஒருநாள்தான்."

பாய் வருகிற நாளை மாற்ற முடியாது. மேஸ்திரி மகள் கல்யாணத்தையும் கெடுக்க முடியாது. நீ தலையை ஆட்டினாய். ஜன்னல் பலகையை இறக்கி, தகர இடுக்கிலெல்லாம் சாக்கைச் செருக ஆரம்பித்தாய். "உள்ள எப்படிடா இருப்ப?" என்று கேட்டேன். "தீய அமத்தி வச்சுட்டா ஒண்ணும் பண்ணாதுடா. ராத்திரி எஞ்சின் நிக்கறப்ப டேம்பர மூடிக் காத்த அடச்சு வைக்கறதில்லையா? அதே மாதிரிதான்." எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எஞ்சினோடு பிழைக்கிற எவனுக்கும் சரியென்றுதான் படும். அமர்த்தி வைத்த தீ காற்றுக் கேட்காது, எரியாது, விடிய விடியக் கிடக்கும். நம் தொழிலே அதுதானே.

எஞ்சினுக்குப் புகைபோக்கி இருக்கிறது. கொட்டகைக்கு இல்லை. அறிவு கெட்டவனே, உனக்குத் தெரியாதா? உனக்கே தெரியாவிட்டால் ரங்கூனில் வேறு யாருக்குத் தெரியும்? இதை எழுதும்போதும் உன்னை இழுத்துப் போட்டு அடிக்கத் தோன்றுகிறது.

முறை முடிந்து வந்தபோது மேஸ்திரி வீட்டில் வெற்றிலைத் தட்டும் சிரிப்புமாக இருந்தது. கொட்டகைக் கதவைத் தள்ளினேன். சாக்கு அடைத்திருந்ததால் திறக்கவில்லை, தோளால் இடித்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். கையில் நெருப்பு இடுக்கி. உதடு வெற்றிலை போட்டவன் உதடாகச் சிவந்திருந்தது. நீ வெற்றிலை போடுவதில்லை. உன்னை மழையில் இழுத்துப் போட்டுக் கன்னத்தில் அறைந்தேன், பெயர் சொல்லிக் கத்தினேன். நீ எழுந்திருக்கவில்லை.

ரயில்வே டாக்டர் பார்த்துவிட்டு, அமர்ந்த நெருப்பிலிருந்து வாசனையே இல்லாத ஒரு நஞ்சு வரும் என்றார். வாசனையே இல்லாததாம். உன்னைக் கொல்ல அப்படி ஒன்றுதான் வர வேண்டியிருந்தது.

பாய் சொன்ன நேரத்துக்கு வந்தார். குடையை மடக்கக்கூட மறந்து நின்றார். ஜாடிக்குள் கறி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. "பொணம் கெடந்த எடத்துக் கறி, நாய்க்குப் போடு" என்று எவனோ சொன்னான். எடுத்துத் துணியில் கட்டி என் பெட்டிமேல் வைத்தேன். மறுநாள் உன்னைப் புதைத்துவிட்டு விறகுத்தொட்டிக்குப் போனோம், பாயும் நானும். கட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்து துணியை அவிழ்த்தேன். அவர் இரண்டு விரலால் பிய்த்தார். பிரிந்து வந்தது. மெதுவாகத் தின்றார். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, "எடம் குடுத்திருப்பேன் தம்பி" என்றார். நானும் தின்றேன். நாம் தேடியலைந்த கறி அதுதான். அழுதுகொண்டே மிச்சம் வைக்காமல் தின்றேன்.

மேஸ்திரி மகளுக்கு அன்று பார்க்க வந்த வரனே நிச்சயமானது. அவர் சாவுக்கும் வந்தார், மண்ணும் தள்ளினார். கொட்டகையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டு என்ன செய்ய? அவர் கேட்டது ஒரு நாள்தான்.

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஜன்னலைத் திறப்பேன். புதுப்பெண்ணாக வந்தவள் பயந்துபோனாள். மழைக்காலத்தில் படுக்கை தலையணையெல்லாம் நனைந்து அவளிடம் திட்டு வாங்குவேன். இப்போது பழகிவிட்டாள்.

இத்தனை காலம் அந்த ஜாடியைத் தொட்டதில்லை. இன்று என்ன தோன்றியதோ, பேனாவை வைத்துவிட்டுக் கடைக்குப் போய் நெஞ்சுக்கறி வாங்கி வந்து, வாசல் தாழ்வாரத்தில் குழி வெட்டி மாட்டிவிட்டேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் மீதியை எழுதினேன். சாயங்காலம் எடுத்தேன். உன் பக்குவம் இல்லை. புகை வந்திருக்கிறது, கறி வரவில்லை.

மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, தட்டில் வைத்து, உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது மேஸ்திரி அந்த வழியாகப் போனார். கிழவராகிவிட்டார். தட்டைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். துண்டு மூக்குக்குப் போகவில்லை, கையிலேயே இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்றுதான் சொன்னார் போலிருக்கிறது.

"சாரல் அடிக்குதேப்பா. ஜன்னலச் சாத்திக்கக் கூடாதா?"

"தெறந்தே இருக்கட்டும் மேஸ்திரி" என்றேன்.