காந்தம் ஒட்டாத இடம்

மார்ச் 4, 2016

விற்பனைப் பக்கத்தில் எங்கள் கார்! அதே எண், அதே வெண்ணெய் நிறம். 1989இல் அதை விற்றபோது என் கணவன் கிளிஃப் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கிளிஃப் போயே இரண்டு வருடமாகிறது. ஓட்டுநர் இருக்கையில் அவன் உட்கார்ந்த பள்ளம் இன்னும் இருக்குமா? பைத்தியம்தான் எனக்கு. இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 6

அவன் தங்கை மோரீனிடம் சொல்லலாமா? அவளும் அந்தக் காரில்தான் தன் கல்யாணத்துக்குப் போனாள். ஆனால் 1981இல், என் பச்சைக் கம்பளிச் சட்டையை அவள்தான் சுருட்டிவிட்டாள் என்று கத்தினேனே! அதிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டையோடு சரி. கிளிஃபின் அடக்கத்தன்று கூட எதிர் வரிசையில்தான் உட்கார்ந்தாள். வேண்டாம்.

மார்ச் 9

வெல்டிங் வேலை செய்யும் ரோனி காரைப் பார்க்க என்னோடு வருகிறான். "கடல் காத்துல நின்ன வண்டி, கண்ணு. பெயின்டப் பாத்து மயங்கிடாத. ஒரு காந்தம் எடுத்துக்க." குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தேன். கீறல் விழக்கூடாது.

மார்ச் 12

ஸ்கார்பரோ, கடலோர ஊர். மழை. கதவைத் திறந்ததும் அதே வாசனை. அழுதுவிட்டேன். விற்பவர், பாவம், தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ரோனி மண்டியிட்டு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனான். டங், டங். இடது கதவுக்கு அடியில் மட்டும் 'பொத்'. காந்தத்தை வைத்தான். வழுக்கி விழுந்தது.

"இது தகரமே இல்ல. வண்டிக்கு நடக்குற வருசாந்திரச் சோதனைக்கு முந்தின நாள் எவனோ ஓட்டையில கந்தலத் திணிச்சு, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சிருக்கான்."

குத்தியதும் பட்டி பெயர்ந்தது. உள்ளே ஈரமாக ஏதோ. இழுத்தான். பச்சைக் கம்பளி. ஒரு சட்டைக் கை முழுசாக வந்தது — மணிக்கட்டில் நான் தைத்த மஞ்சள் நூலோடு.

அடப்பாவி கிளிஃப்! நீயும் கூடச் சேர்ந்துதானேடா தேடினாய்? உன் தங்கையை நான் திட்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாயே!

சிரித்தேன். பிறகு அது அழுகையாகி, நிற்கவே இல்லை.

"கம்பளி தண்ணியக் குடிச்சுக் குடிச்சு அடிச்சட்டத்தையே அரிச்சுடுச்சு. வாங்காத கண்ணு. உன் ஆளே இதக் கொன்னுட்டான்."

வாங்கவில்லை. ஐந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். பள்ளம் இல்லை. இருக்கைக்குப் புது உறை போட்டிருக்கிறார்கள். கம்பளிக் கையை மட்டும் பையில் போட்டு வாங்கி வந்தேன்.

மார்ச் 13

மூன்று தடவை துவைத்தேன். துருக்கறை போகவில்லை. மோரீனுக்குத் தொலைபேசி செய்தேன்.

மார்ச் 20

முப்பத்தைந்து வருடம் கழித்து மோரீன் என் வீட்டுக்கு வந்தாள். அந்தக் கையை மேசைமேல் வைத்தேன். அது எங்கே கிடைத்தது என்று சொன்னேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்குப் பச்சையே பிடிக்காது. அன்னிக்கே சொன்னேன்ல?"

கேக்குக்குத் தட்டு எடுத்தபோது தவறிப்போய் மூன்றாக எடுத்துவிட்டேன். மோரீன் கேக்கை வெட்டினாள். மூன்றாவதிலும் ஒரு துண்டு வைத்தாள்.

"இது அந்தத் திருட்டுப் பயலுக்கு."