சிவப்பு மையில் எழுதிய பெயர்கள்

அஜின்கோர்ட், கனடா
10 மார்ச் 1996

அன்புள்ள செலீன் அக்காவுக்கு,

மடுமாதாவின் காவலில் நீங்களும் என் மகள் றெஜினாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே பனி இன்னும் கரையவில்லை. நனைந்த சப்பாத்தோடுதான் வேலைக்குப் போய் வருகிறேன்.

பாடசாலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடைத்தொகுதி ஒன்றில், பல் வைத்தியருக்குப் பக்கத்தில் இருக்கும் சீனப் பாலர் பாடசாலை அது. ஹொங்கொங்கிலிருந்து வந்த மிஸிஸ் லாவ் நடத்துகிறா. ஆங்கிலம் படிப்பிக்க என்னை எடுத்தா. பிள்ளைகள், மற்ற ஆசிரியைகள், சமைக்கிறவர் எல்லாரும் சீனர். நான் ஒருத்திதான் வெளியாள். மத்தியானம் சின்னக் கட்டில்களை விரித்துப் பிள்ளைகளை நித்திரையாக்குவதும் என் வேலை. கெவின் என்றொருவன் என் சட்டை நுனியைப் பிடித்தால்தான் கண்ணை மூடுவான்.

மாசியில் அவர்களுடைய புதுவருடம். கதவு, விளக்கு, இனிப்புப் பெட்டி எல்லாம் சிவப்பு. நானும் சேர்ந்து கொண்டாட நினைத்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அட்டையில் சிவப்பு மையால் அழகாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். மன்னாரில் இத்தனை வருடம் ஆசிரியையாகச் சிவப்புப் பேனை பிடித்த கை அல்லவா. காலையில் வந்த கெவினின் தாய் அதைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டா. செத்தவர்களின் பெயரைத்தான் சிவப்பில் எழுதுவார்களாம். எல்லாமே சிவப்பாக இருக்கிற இடத்தில் பெயர் மட்டும் கூடாது என்று எனக்கு யார் சொன்னது?

மன்னிப்புக் கேட்டேன். அட்டைகளைக் கழற்றிக் கறுப்பில் எழுதினேன். கெவின் அடுத்த நாளே வந்தான்; தாயும் என்னைப் பார்த்துத் தலையசைத்தா. அதோடு முடிந்தது என்றிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை மிஸிஸ் லாவ் கூப்பிட்டு, நான் நன்றாகப் படிப்பிக்கிறேன் என்று முதலில் சொன்னா. பிறகு சொன்னா: "இங்கிலிஷ் ரீச்சர் எண்டால் தாய் தகப்பன்மார் வெள்ளை முகத்தைத்தான் எதிர்பார்க்கினம். உமக்காக இவ்வளவு நாளும் சமாளிச்சன்." என்னை வகுப்பிலிருந்து எடுக்கச் சிவப்பு மை ஒரு சாட்டு, அக்கா.

இப்போது வகுப்பில் நிற்பவள் ஹெதர் என்ற பெட்டை. போன மாதம் வரை டோனட் கடையில் நின்றவள். கெட்டவள் இல்லை. பாட்டுகளை என்னிடம் கேட்டுப் பழகிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். நான் குசினியில் கோப்பை கழுவுகிறேன், கழிவறை துடைக்கிறேன். மேல்வீட்டு இக்னேசியஸ் அண்ணை, ரீச்சருக்குப் பதவி உயர்வு குசினிக்கோ என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன். றெஜினாவை ஸ்பொன்சர் பண்ணி இங்கே எடுக்கும் வரைக்கும் வேலையை விட ஏலாது. அது மிஸிஸ் லாவுக்கும் தெரியும்.

மத்தியானத்தில் கெவின் நித்திரை கொள்ளாமல் அழுதால் மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள். கையைக் கழுவிவிட்டுப் போகிறேன்.

றெஜினா அனுப்பிய கட்டுரையைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். வகுப்பில் செய்வதுபோலச் சிவப்புப் பேனையால் திருத்தச் சொல்லியிருந்தாள். பென்சிலால்தான் திருத்தினேன். அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் அந்த மையைக் கொண்டுபோக எனக்கும் இப்போது மனம் வரவில்லை. பிழைகள் குறைவு, கையெழுத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். 'என் அம்மா கனடாவில் ஆசிரியையாக இருக்கிறார்' என்று தொடங்கியிருக்கிறாள். அந்த வரியை நான் திருத்தவில்லை. நீங்களும் திருத்திவிடாதீர்கள், அக்கா.

உங்கள் இருவரையும் மாதா தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

அன்புத் தங்கை,
பேர்ணடெற்