எரிமலைக்குப் போன மஞ்சள் பை

எங்கேயும் வரமாட்டேன் என்று கடைசிவரை சாதித்த என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. நீங்கள் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. வீடு நன்றாகவே இருக்கிறது. டிவி ரிமோட் இப்போது அம்மா கையில் இருக்கிறது.

ஒரு சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். போன மாதம் அம்மாவை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். ஜாவாவில் ஒரு எரிமலை, பக்கத்திலேயே ஒரு வெந்நீர் ஊற்று. வெள்ளிக்கிழமை கிளம்பி திங்கட்கிழமை திரும்புகிற மலிவுச் சுற்றுலா.

நீங்கள் உதட்டைச் சுழிப்பது இங்கிருந்தே தெரிகிறது. "நெருப்பே மலையா நிக்குது இங்க. வெள்ளைக்காரனே ஃபிளைட் புடிச்சு இந்த ஊருக்கு வர்றான். நாம எதுக்கு வெளிய போவணும்?" இந்த ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடம் ஓட்டினீர்கள். அம்மா பார்த்த அதிகபட்ச தூரம் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அவள் பிறந்த வீடு. நீங்கள் மட்டும் வேங்கிக்கால் ஆபீஸ் நண்பர்களோடு கோவா போனீர்கள். கூலிங் கிளாஸ் போட்ட அந்த போட்டோ இன்னும் பீரோவில் இருக்கிறது. கோவாவில் எந்த நெருப்பு மலையாக நிற்கிறது அப்பா?

அம்மாவைக் கூட்டிப் போன ஒரே இடம் கிரிவலம். கூட்டிப் போனீர்கள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. நீங்கள் பத்தடி முன்னால் போவீர்கள், அவள் பின்னால் ஓடி வருவாள். செருப்பை ஸ்டாண்டில் விட்டால் மாறிப் போய்விடும் என்று ஒரு பையில் போட்டு அவளிடம் கொடுத்துவிடுவீர்கள். பதினாலு கிலோமீட்டரும் அவள் உங்கள் செருப்பைச் சுமந்தபடி மலையைச் சுற்றுவாள். முடித்ததும் ராஜகோபுரத்துக்கு எதிரே உட்கார்ந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் காலை நீட்டுவீர்கள். அவள் செருப்பை எடுத்து, நீங்கள் மாட்டுவதற்குத் தோதாகத் திருப்பி வைப்பாள். "மூணு மணி நேரத்துல முடிச்சிட்டன்" என்று போகிற வருகிறவர்களிடம் பெருமை வேறு.

அதனால் இந்தப் பயணத்தில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்த நாலு நாளாவது அம்மா உங்களைச் சுமக்காமல் இருக்கவேண்டும்.

விஷயம் தெரிந்ததும் உங்கள் தங்கை வந்தார். "புருஷன் போயி ரெண்டு வருஷம்தான் ஆவுது. அதுக்குள்ள ஃபாரின் கேக்குதா அண்ணிக்கு?" என்றார். அம்மா காபி கொடுத்தாள். நான்தான், "அத்தை, நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டேன். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே அறிவு.

இந்த மலிவு டிக்கெட்டில் ஏழு கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். பக்கத்துக் கடைத் தராசில் அம்மாவின் பையை நிறுத்தால் ஒரு கிலோ ஜாஸ்தி. உள்ளே ஒரு மஞ்சள் பை தெரிந்தது. "இத எடுத்துடலாமா?" என்றேன். "அதுல மாத்திர இருக்குது, வுடு" என்று சொல்லிவிட்டு, மாற்றுப் புடவை இரண்டையும் எடுத்து பீரோவில் வைத்துவிட்டாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பயணத்தைப் பற்றி என்ன சொல்ல? விமானத்தில் முட்டியை அசைக்க இடமில்லை. தங்கிய அறையில் ஜன்னலைத் திறந்தால் சுவர். எங்களோடு வந்த பதினோரு பேரும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை செல்போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். எரிமலை என்றார்கள், போய் நின்றால் ஒரு பெரிய சாம்பல் பள்ளம். இட்லிப் பானை மூடியைத் திறந்தது போல அங்கங்கே ஆவி. அழுகின முட்டை நாற்றம். இதற்கா இவ்வளவு தூரம் என்று ஒரு நிமிடம் உங்களைப் போலவே யோசித்தேன். அதற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

அம்மா தன் செருப்பை வேனிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தாள். "மலைக்கு யாராவது செருப்போட போவாங்களா?" என்றாள். பள்ளத்துக்குள் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அங்கே தரையே கொதிக்கிறது. வழிகாட்டி "மேடம், ஹாட், ஹாட்" என்று கத்துகிறான். அம்மா ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்குகிறாள். வேன் எங்கேயோ மேலே நிற்கிறது. நான் பதறிக்கொண்டு நிற்க, அம்மா கையோடு கொண்டுவந்திருந்த அந்த மஞ்சள் பையைப் பிரித்தாள்.

உங்கள் செருப்பு.

"இன்னாம்மா இது?" என்றேன். குரல் எனக்கே கேட்க நன்றாக இல்லை.

"மலைக்குப் போறோம்னு சொன்னியே. கை தானா எடுத்து வெச்சிடுச்சு."

கடல் தாண்டி வந்தும் நீங்கள் அவள் கையை விடவில்லை. செத்த பிறகும் ஒரு மனுஷன் இப்படி உட்கார்ந்து சவாரி செய்யலாமா? உங்களைத் திட்ட வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மா குனிந்து செருப்பைத் தரையில் வைத்தாள். எப்போதும் போல, நீங்கள் மாட்டுவதற்குத் தோதாகத் திருப்பி வைத்தாள். அந்தக் கொதிக்கிற தரையில் நின்றபடி அதையே பார்த்தாள். காலை நீட்ட யாரும் இல்லை. பிறகு செருப்பைத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டு காலையும் அதற்குள் நுழைத்துக்கொண்டாள்.

ரொம்பப் பெரிது அவளுக்கு. தட்தட்டென்று அடித்துக்கொண்டு நடந்தாள். கூட்டமெல்லாம் போட்டோ எடுக்க வலது பக்கம் போக, அவள் ஆவி வரும் குழியை வலக்கைப் பக்கம் வைத்து, கிரிவலம் போவது போல, எதிர்த்திசையில் போனாள். வழிகாட்டி கூப்பிட்டான், காதில் வாங்கவில்லை. என்னைவிடப் பத்தடி முன்னால் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னால் போய்க்கொண்டே அழுதேன் அப்பா. ஏன் என்று கேட்காதீர்கள், உங்களுக்காக இல்லை.

அங்கிருந்து வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். ஊற்றாம்! சிமெண்ட் தொட்டியில் வெதுவெதுவென்று தண்ணீர், அதில் ஒரு ஊரே குளிக்கிறது. மாற்றுப் புடவை இல்லாததால் அம்மாவால் இறங்க முடியவில்லை. அதற்கும் நீங்கள்தான் காரணம். ஓரமாக உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு காலை மட்டும் உள்ளே விட்டாள். பாளம் பாளமாக வெடித்த குதிகால். கண்ணை மூடிக்கொண்டாள். கிளம்பலாம் என்று வழிகாட்டி விசில் ஊதியபோது, "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?" என்று கேட்டாள். என் வாழ்க்கையில் அம்மா தனக்காக எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. வழிகாட்டியிடம் சண்டை போட்டு அரை மணி நேரம் வாங்கினேன்.

எழுந்தவள் ஈரக் காலோடு வேனைப் பார்த்து நடந்தாள். செருப்பு தொட்டி ஓரமாகக் கிடந்தது.

"அம்மா, செருப்ப வுட்டுட்டியே" என்றேன்.

"என் செருப்பு வேன்ல இருக்குது."

"இது?"

திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். "அங்கியே இருக்கட்டும். அவரும் ஃபாரின் பாத்த மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள் அப்பா. வேன் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். உங்களோடு இருந்த காலத்தில் அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் கொஞ்சம் மெதுவாக நடந்திருப்பீர்களோ என்னவோ.

வருகிற பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறோம். அம்மாவே கேட்டாள். மஞ்சள் பையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். தண்ணீர் பாட்டிலும் வறுத்த வேர்க்கடலையும் அதில் வைத்துக்கொள்ளலாமாம். பையை நான் தூக்கிக்கொள்வேன். அவள் உட்காரும் இடத்தில் உட்காருவேன், விடிந்து போனாலும் பரவாயில்லை. ஒரு தடவைகூட அவளைத் தாண்டி முன்னால் போக மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
அம்மாவுக்குப் பத்தடி பின்னால் வரும் உங்கள் மூத்த மகள்,
செல்வி