லூர்துவின் கையில் நான்கு சுற்று

நாள் 112 | 08:40
நிலவின் மறுபக்கம், பனிச்சுரங்க நிலையம். எழுதுபவர்: மருத்துவர் மங்கையர்க்கரசி. நோயாளி: துளை போடும் இயந்திரம் ஓட்டும் லூர்து பர்னாந்து, 57, தூத்துக்குடி. இதயக் குழாயில் எண்பது சதவீத அடைப்பு. இன்று இயந்திரக் கையால் பலூனைச் செலுத்தி விரித்து ஸ்டென்ட் வைக்கிறேன்.

பலூன் விரியும்போது இதயத் தசைக்கு ரத்தம் நிற்கும். அந்தப் பட்டினிக்கு அதை முன்பே பழக்க வேண்டும். மேல்கையில் பிரஷர் பட்டை கட்டி ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்தி, ஐந்து நிமிடம் விடுவோம். நான்கு சுற்று. கை படும் பாட்டில் இதயம் உஷாராகிவிடும். தானியங்கி பம்ப் பழுது, நானே அடிக்க வேண்டும்.

செயற்கைக்கோள் தொடர்பு தொண்ணூறு நிமிடம் கிடைக்கும். முதல் நாற்பது பட்டைக்கு. மீதி ஐம்பதில் பூமியில் இருக்கும் நிபுணர் பார்த்திருக்க, சிகிச்சை.

சிகிச்சை அறையிலிருந்து லூர்து, இன்டர்காமில்: "டாக்டரம்மா, முப்பது வருசம் கடல்ல கெடந்தவன இந்தப் பட்டையக் காட்டி பயங்காட்டாதீய."

நாள் 112 | 11:05
சுற்று 4/4. ஸ்டென்ட் பொருந்தியது. ரத்த ஓட்டம் நன்று.

நாள் 113 | 07:30
நன்று இல்லை. தசைச் சேதத்தைக் காட்டும் புரதம் எதிர்பார்த்ததைவிட ஆறு மடங்கு. எக்கோவில் இதயத்தின் முன்சுவர் அசைய மாட்டேன் என்கிறது. நாளை மறுநாள் எல்லோரும் ஊர் திரும்பும் கலம். அது கிளம்பும் வேகத்தை இந்த இதயம் தாங்காது. லூர்து அண்ணாச்சி இங்கேயே இருக்க வேண்டும். அவருக்காக நானும்.

நாள் 115 | 16:20
கலம் போய்விட்டது. அடுத்தது எட்டு மாதம் கழித்து. அதுவரை அந்த இதயம் ஓடுமா, தெரியவில்லை.

பூமிக்குப் போகாத இந்தக் குறிப்பேட்டைக் கண்டெடுப்பவருக்கு: 112ஆம் நாள் நான் எழுதியது பொய். போட்டது இரண்டே சுற்று. இரண்டாவது முடிந்தபோது என் மகளின் அழைப்பு வந்தது. பேத்திக்குப் பெயர் வைக்கிறார்களாம். இணைப்பு அந்த நேரம் சும்மாதானே கிடக்கிறது என்று தொடர்பு அறைக்கு ஓடினேன். ஐந்து நிமிடம் என்று போனவள் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை கொட்டாவி விட்டது. அதையும் பார்த்து ரசித்தேன்.

திரும்பி வந்தபோது நிபுணர் திரையில் தயார். படிவத்தில் நான்கு டிக் விழாவிட்டால் இயந்திரக் கையின் பூட்டுத் திறக்காது. விழுந்தது. விரல் என்னுடையது. ஆறு மணி நேரம் பொறுத்திருந்தால் அடுத்த தொடர்பு வந்திருக்கும். ஏன் தாமதம் என்று அவர் கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விக்கு வெட்கப்பட்டு ஒரு மனிதனின் இதயத்தைக் கெடுத்தேன்.

நாள் 118 | 09:50
பூமியிலிருந்து நிபுணர்: "நாலு சுற்றும் முழுசா குடுத்தும் தசை போயிருக்கு. அப்போ ஈர்ப்பு குறைஞ்ச இடத்துல இது வேலை செய்யலைன்னுதான் அர்த்தம். எல்லா நிலையத்துக்கும் சொல்லிட்டோம், இனிமே இது தேவையில்லைன்னு. ரொம்ப சுத்தமான பதிவு, டாக்டர்."

சுத்தமான பதிவாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், பந்தியே பாராட்டுகிறது. நன்றி என்று பதில் அனுப்பினேன். நன்றி!

நாள் 119 | 13:15
லூர்து, இன்டர்காமில், மூச்சு வாங்கியபடி: "ரெண்டு தடவதான அடிச்சீய. கை மரத்துப்போறத எண்ணிக்கிட்டுதான கெடந்தேன். மக கூப்ட்டா யாருதான் போவமாட்டா? ஆனா எழுதுனத மாத்திருங்கம்மா. எனக்காவச் சொல்லல. நாளைக்கு இன்னொருத்தன் இதே மாரி படுப்பாம்லா."

ஏழு நாளாகத் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. கஞ்சி கொண்டுபோனபோதெல்லாம் சிரித்திருக்கிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாள் 120 | 10:30
திருத்தம் எழுதிவிட்டேன். நான்கு வரிதான். அனுப்பவில்லை. அனுப்பினால் என் மருத்துவர் பதிவு எண் பறிபோகும். பேத்தியின் பெயர் வைப்பில் இருந்துதான் இது தொடங்கியது என்று மகளுக்குத் தெரியவரும், அவள் உடைந்துபோவாள். இரண்டு நாள் ஆறப் போட்டு அனுப்பலாம். அதற்குள் என்ன வந்துவிடப்போகிறது.

நாள் 122 | 10:14
செவ்வாய்ச் சுற்றுநிலையத்திலிருந்து செய்தி. அனுப்பிய நேரம் 09:55. அங்கிருந்து இங்கே வர பத்தொன்பது நிமிடம். டாக்டர் நிலோஃபர்:

"அக்கா, இங்க ஒருத்தருக்கு அதே அடைப்பு. குழாய் ரொம்ப நீளமா சுருங்கியிருக்கு, பலூன அஞ்சாறு தடவை விரிக்கணும். கையில பட்டை கட்டலாம்னுதான் இருந்தேன். நல்லவேளை உங்க பதிவைப் பாத்தேன். நாப்பது நிமிஷம் மிச்சம், தேங்க்ஸ்க்கா. இதோ, முதல் பலூன விரிக்கிறோம்."

இதோ என்று அவள் சொல்லிப் பத்தொன்பது நிமிடம் ஆகிவிட்டது.

10:15
ஒலிபரப்புகிறேன். பதிவும் ஓடுகிறது.

நிலோஃபர், நிறுத்து. பட்டையைக் கட்டு. நான் நான்கு போடவில்லை. இரண்டுதான் போட்டேன். இரண்டுதான்மா. நிறுத்து.

10:16
சேரும் நேரம் 10:34 என்று திரை காட்டுகிறது.

நிறுத்தும்மா.