அடியிலிருந்து வெட்டிய நான்கு வரி

நீ இறந்த பிறகு உன் அலுவலகத்தைக் காலி செய்தபோது உன் மனைவி ஒரு பெட்டியை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். திறந்ததும் பாச்சை உருண்டை நெடி. உள்ளே, எங்கள் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் நீ எழுதிவந்த சட்டப் பத்திகளின் நறுக்குகள். அவற்றில் ஒன்றின் அடியில் மட்டும் உன் கையெழுத்தில் நான்கு வரி இருந்தது. அச்சுக்குப் போகும் முன் நான் வெட்டிய வரிகள். வெட்டியது உனக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வக்கீல்கள் முக்கியமானதைக் கடைசியில் வைப்பீர்கள். "கடைசிப் பத்திதான் தீர்ப்பு, மத்ததெல்லாம் பேச்சுலா" என்று நீதிமன்றத்துக்குப் பின்னாலிருக்கும் கோப்பிக்கடையில் எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். பத்திரிகைக்காரன் வழக்கம் வேறு. இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவோம். அந்தச் சனிக்கிழமை தீபாவளி விளம்பரம் ஒன்று தாமதமாக வந்தது. உன் பத்தியின் அடியில் கை வைத்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் அரை மணி நேரம் வாதாடுவாய் என்ற சலிப்புதான்.

கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் நம் ஆட்களைப் பற்றியது அந்தப் பத்தி. பதிவுக்கு முன்பே பிள்ளை பிறந்து, தாய் வெளிநாட்டவராகவும் இருந்துவிட்டால், அப்பா இங்கேயே பிறந்தவர் என்றாலும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது என்று பதிவிலாகா சொல்லிவந்தது. அப்படி ஒரு பிள்ளைக்கு உயர் நீதிமன்றம் குடியுரிமை கொடுத்துவிட்டது. உனக்குத் தலைகால் புரியவில்லை. அரசியலமைப்பு பிள்ளையைப் பார்க்கிறதே தவிர, பெற்றோரின் திருமணச் சான்றிதழை அல்ல என்று எழுதினாய். அதற்கும் கீழேதான் அந்த நான்கு வரி: மேல்முறையீட்டில் இது மாறக்கூடும், அமைச்சுக்கு அனுப்பும் சிறப்பு விண்ணப்பத்தை இருபத்தொரு வயதுக்குள் போட்டுவிடுங்கள், தாண்டினால் அந்த வழியும் அடைபடும்.

ஜுருவில் கார் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் அதைப் படித்தார். மனைவி மேடான்காரர், வெளிநாட்டவர். மகள் பிறந்த பிறகுதான் கல்யாணத்தைப் பதிந்தார்கள், மகளுக்கு அப்போது இருபது வயது. விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தவர், கோர்ட்டே சொல்லிவிட்டது, இனி யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்று அதை அலமாரியில் போட்டுவிட்டார். மேல் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியபோது மகளுக்கு இருபத்தொன்று முடிந்திருந்தது. "பெத்தவரு வீட்ல அப்பா, சட்டத்துல யாரோ ஒரு ஆளு" என்றாய் நீ, அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு.

நறுக்கோடு அவர் உன் அலுவலகத்துக்கு வந்த அன்று நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மாறலாம்னு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று கத்தினார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "என் தப்புதாண்ணே" என்றாய். வழக்கை நானே நடத்தித் தருகிறேன் என்று கெஞ்சினாய். உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று போய்விட்டார். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். எழுதியதை நீயே மறந்திருப்பாய் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கோழைப் பயல் நான். அதற்குப் பிறகு நீ பத்தி எழுதவில்லை. ஏன் என்று ஊரே கேட்டது, நான் கேட்கவில்லை.

நேற்று சிம்பாங் அம்பாட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் கதவைத் திறந்தாள். அடையாள அட்டை இல்லாததால் பாயான் லெப்பாஸில் எந்தத் தொழிற்சாலையும் அவளைச் சேர்க்கவில்லை. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அப்பா எங்கெங்கோ வக்கீல் தேடியும் எவரும் வழக்கை எடுக்கவில்லையாம். அவர் வேலை முடிந்து வந்ததும் நறுக்கை எதிரே வைத்து, வெட்டியது நான் என்றேன்.

உன் நான்கு வரியை விரல் வைத்துப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, பாப்பா கேஸ அந்த வக்கீலுகிட்டயே கொடுத்திருப்பேன் சார்" என்றார்.

மகள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். உன் மௌனத்தை மறதி என்று எடுத்துக்கொண்டு நானும் உண்மையைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருப்பவள் அவள்.